நிகழ்தகவைக் கேட்டு வாங்குங்கள்: இளநிலைக் கணித மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பி.எஸ்ஸி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

நிதிச் சந்தையைக் கணிதத்தால் அளக்கும் 'குவாண்ட்' ஆக வேண்டும் என்ற ஆசை உங்கள் வகுப்பறைகளுக்கும் வந்துவிட்டது. பத்து வருடத்துக்கு முன் கணிதம் படித்த பிள்ளைக்கு பி.எட். ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும். இன்று நிதிச் சந்தை, ஆப்ஷன் விலை, இடர் மேலாண்மை என்றெல்லாம் பேசுகிறீர்கள். மகிழ்ச்சிதான். ஆனால் "அதற்கு என்ன கோர்ஸ் படிக்கணும்?" என்ற கேள்வியை யாரிடம் போய்க் கேட்கிறீர்கள் என்று பார்க்கும்போதுதான் வயிறு எரிகிறது. ஆறு வாரத்தில் சான்றிதழ் தருகிறேன் என்று விளம்பரம் செய்பவரிடம் கேட்கிறீர்கள். யூடியூபில் மெழுகுவர்த்திப் படம் வரைந்து காட்டுபவரிடம் கேட்கிறீர்கள். உங்கள் துறை அலமாரியில் கிடக்கும் பாடத்திட்டப் புத்தகத்தை மட்டும் புரட்டிப் பார்ப்பதில்லை. ஐந்தாம் பருவத்துக்கான விருப்பப் பாடம் முடிவாகும் நேரம் நெருங்குகிறது. அதற்குள் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

வங்கி ஒன்றில், மற்றவர்கள் உருவாக்கும் விலை மாடல்களைச் சரிபார்க்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். புதிதாக ஆள் எடுக்கும்போது கேள்வி கேட்கும் பக்கத்திலும் உட்காருவேன். வரும் பயோடேட்டாக்களில், ஆப்ஷனுக்கு விலை சொல்லும் பிளாக்–ஷோல்ஸ் சூத்திரத்தின் பெயர் இல்லாத ஒன்றைப் பார்ப்பது அரிதாகிவிட்டது. அந்தச் சூத்திரத்தை அப்படியே எழுதியும் காட்டுகிறார்கள். "இதில் மடக்கை எதற்கு வருகிறது?" என்று கேட்டால் அமைதி. "நிபந்தனை எதிர்பார்ப்பு என்றால் என்ன?" என்று கேட்டால் சிலர் பகடையைப் பற்றிப் பேசத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். மூளையில் குறை இல்லை. எந்தத் தாளில் அதைப் படித்திருக்க வேண்டுமோ, அந்தத் தாள் அவர்கள் கல்லூரியில் நடத்தப்படவே இல்லை, அல்லது நடத்தப்பட்டபோது அவர்கள் வேறொன்றைப் படித்தார்கள்.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன், பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கின் விலை இன்று 100 ரூபாய். நாளை அது 120 ஆகும், இல்லையென்றால் 90 ஆகும். மூன்றாவது வழி இல்லை. வட்டியும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். நாளை அந்தப் பங்கை 105 ரூபாய்க்கு வாங்கிக்கொள்ளும் உரிமையை, அதாவது ஓர் ஆப்ஷனை, இன்று ஒருவர் விற்கிறார். விலை ஏறினால் உங்களுக்கு 15 ரூபாய் லாபம். இறங்கினால் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம். இந்த உரிமைக்கு இன்று என்ன விலை கொடுக்கலாம்?

"ஏறுவதற்கு வாய்ப்பு எவ்வளவு சார்?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். பாதிக்குப் பாதி என்று சொன்னால் ஏழரை ரூபாய் என்பார்கள். தவறு. அரைப் பங்கை 50 ரூபாய்க்கு வாங்குங்கள். அதில் 45 ரூபாயைக் கடனாக வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பையிலிருந்து போவது 5 ரூபாய். நாளை பங்கு 120 ஆனால் உங்கள் அரைப் பங்கு 60. கடனை அடைத்தால் மிச்சம் 15. பங்கு 90 ஆனால் அரைப் பங்கு 45; கடன் போக மிச்சம் ஒன்றுமில்லை. அந்த உரிமைத் தாள் தருகிற பலனை அச்சு அசலாக நீங்களே 5 ரூபாயில் செய்துகொண்டீர்கள். ஆகவே அதன் விலை 5 ரூபாய். யாராவது ஏழரை கொடுக்க முன்வந்தால் அவருக்கு விற்றுவிட்டு, ஐந்து ரூபாயில் இதைச் செய்துவைத்து, இரண்டரை ரூபாயை எந்த ஆபத்தும் இல்லாமல் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம். பங்கு ஏறுமா இறங்குமா என்று யாரும் யாரையும் கேட்கவே தேவையில்லை.

இதில் நிதிப் பாடம் எங்கே இருந்தது? இரண்டு மாறிகள், இரண்டு சமன்பாடுகள். உங்கள் லீனியர் அல்ஜீப்ரா தாளின் முதல் அலகு. இன்னொரு வேடிக்கையும் பாருங்கள். 120க்கு மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு, 90க்கு மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு என்று வைத்துப் பங்கின் சராசரியைக் கண்டுபிடியுங்கள்: சரியாக 100 வரும். அதே வாய்ப்புகளை வைத்து உரிமையின் சராசரியைப் பார்த்தால் 15இல் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 5. இந்த மூன்றில் ஒன்று உண்மையான வாய்ப்பு கிடையாது. விலையைச் சரியாகச் சொல்வதற்காகவே உண்டாக்கப்பட்ட வாய்ப்பு. ஒரே நிகழ்வுகளுக்கு வேறொரு நிகழ்தகவைப் போர்த்திப் பார்க்கும் இந்தத் தந்திரத்தை நாலு கிளை, நாற்பது கிளை என்று வளர்த்துக்கொண்டு போகலாம். காக்ஸ், ராஸ், ரூபின்ஸ்டைன் என்ற மூவர் 1979இல் அந்தக் கிளை மரத்தைத்தான் எழுதினார்கள். கிளைகள் முடிவில்லாமல் போகும்போது என்ன ஆகும் என்று கேட்டால், அங்கே மைய எல்லைத் தேற்றம் வந்து நிற்கும். நிகழ்தகவை மாற்றுவது என்றால் உண்மையில் என்ன என்று கேட்டால் மெஷர் தியரி வந்து நிற்கும். பதில் சொல்ல முடிகிறவருக்கு வேலை.

எல்லை என்றதும் ரியல் அனாலிசிஸ் ஞாபகம் வருகிறதா? பத்து மதிப்பெண் தேற்றம் எட்டை மனப்பாடம் செய்து, நாலைத் தேர்வில் இறக்கிவைக்கும் தாள் என்று அதற்கு உங்களிடையே பெயர். எங்கும் தொடர்ச்சியாக இருக்கும், ஆனால் எந்தப் புள்ளியிலும் வகையிட முடியாத சார்பு ஒன்றை 1872இல் வையர்ஸ்ட்ராஸ் காட்டினார் என்று ஆசிரியர் சொல்லியிருப்பார்; "இது எக்ஸாமுக்கு வராது" என்று பக்கத்தைத் திருப்பியிருப்பீர்கள். நிதிக் கணிதத்தில் விலையின் பாதை என்று வரையப்படும் பிரௌனியன் கோடு அப்படிப்பட்டதுதான். அங்கே நீங்கள் பள்ளியிலிருந்து நம்பிவந்த சங்கிலி விதி வேலை செய்யாது. கூடுதலாக ஓர் உறுப்பு ஒட்டிக்கொள்ளும். அந்த உறுப்பு எங்கிருந்து வருகிறது என்பதை 1940களில் ஜப்பானின் கியோசி இட்டோ கணக்காக்கிக் காட்டினார். அந்த ஓர் உறுப்பு இல்லையென்றால் பிளாக்–ஷோல்ஸ் சமன்பாடே இல்லை. எப்சிலான், டெல்டாவோடு மல்லுக்கட்டிப் பழகாதவருக்கு இட்டோவின் கணிதம் ஒரு மந்திரமாகவே இருந்துவிடும். மந்திரம் சொல்கிறவரை வேலைக்கு வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது?

இப்போது அந்த மடக்கைக் கேள்விக்கு வருகிறேன். 1900இல் பாரிஸில் லூயி பஷெலியே என்ற மாணவர், பங்குச் சந்தை விலைகளின் தடுமாற்றத்தைப் பற்றி ஆய்வேடு எழுதினார். ஐன்ஸ்டைன் பிரௌனியன் இயக்கம் பற்றி எழுதியதற்கு ஐந்தாண்டு முந்தியது அது. அவர் மாடலில் விலையே நேராகத் தடுமாறும். ஆகவே பூஜ்யத்துக்குக் கீழும் போகலாம். "விலை எப்படி மைனஸ் ஆகும்?" என்று பின்னால் வந்தவர்கள் விலையின் மடக்கையை எடுத்துக்கொண்டார்கள், அப்போது விலை என்றுமே நேர்மத்தில் நிற்கும். 1973இல் வந்த பிளாக்–ஷோல்ஸ் சூத்திரம் அந்த வழியில் வந்தது. எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்காவில் கச்சா எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. எண்ணெயை வைக்க இடமில்லாமல், எடுத்துக்கொண்டு போகிறவருக்குப் பணமும் சேர்த்துக் கொடுக்க வேண்டிய நிலை. மும்பையின் எம்சிஎக்ஸ் சந்தையிலும் கச்சா எண்ணெயின் ஏப்ரல் மாத ஒப்பந்தம் மைனஸ் 2,884 ரூபாயில் தீர்க்கப்பட்டது. எதிர்ம எண்ணுக்கு ஏது மடக்கை? சிகாகோவின் சிஎம்இ சந்தை, அந்த எண்ணெய் ஆப்ஷன்களை விலைபோட பஷெலியே மாடலுக்கு மாறிக்கொண்டது. 120 ஆண்டுப் பழைய மாணவ ஆய்வேட்டை எடுத்துத் தூசி தட்ட வேண்டியதாயிற்று. அன்றைக்குச் சூத்திரம் மட்டும் தெரிந்தவர் திரையைப் பார்த்து விழித்திருப்பார். அது எந்த அனுமானத்தில் நிற்கிறது என்று தெரிந்தவருக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரிந்திருக்கும். எங்கள் பிரிவுக்குச் சம்பளம் கொடுப்பதே அந்த இரண்டாமவர் வேண்டும் என்பதற்காகத்தான்.

நியூமெரிக்கல் மெத்தட்ஸ் தாளை நீங்கள் கால்குலேட்டர் தாள் என்கிறீர்கள். நியூட்டன்–ராப்சன் முறையில் மூலம் காண்கிறீர்களே, சந்தையில் தெரியும் ஆப்ஷன் விலையிலிருந்து அதற்குள் ஒளிந்திருக்கும் ஏற்ற இறக்க அளவைக் கண்டுபிடிக்க அதே முறையைத்தான் நாள் முழுக்க ஓட்டுகிறார்கள். நிரல் எழுதுவதும் அப்படியே. சி மொழியோ பைத்தானோ, லேப் ரெக்கார்டை நிரப்புவதோடு விட்டுவிடாதீர்கள். 2012இல் ஜேபி மார்கன் வங்கியின் லண்டன் பிரிவு 600 கோடி டாலருக்கு மேல் இழந்தது. இழப்புக்குப் பெரிய காரணங்கள் வேறு. ஆனால் இடரை அளக்க அவர்கள் வைத்திருந்த மாடல் எக்செல் தாள்களில், கையால் வெட்டி ஒட்டி நடந்துகொண்டிருந்தது என்று வங்கியின் சொந்த விசாரணையே சொன்னது. ஓரிடத்தில் சராசரியால் வகுப்பதற்குப் பதில் கூட்டுத்தொகையால் வகுத்திருந்தார்கள். இடர் உள்ளதைவிடக் குறைவாகத் தெரிந்தது. கூட்டியதை இரண்டால் வகுக்கத் தவறியதுதான். ஆறாம் வகுப்புக் கணக்கு.

இனி என் முதல் மனக்குறை. புள்ளியியலை நீங்கள் இரண்டாந்தரமாகப் பார்க்கிறீர்கள். அல்லைடு பாடமாக இயற்பியலும் புள்ளியியலும் இருந்தால், "ஃபிசிக்ஸில் பிராக்டிகல் மார்க் கிடைக்கும்" என்று அந்தப் பக்கம் சாய்கிறீர்கள். பல கணிதத் துறைகளிலும் புள்ளியியல் என்றால் தங்கள் வீட்டுப் பிள்ளை இல்லை என்ற பாவனை இருக்கிறது. 1959இல் சென்னை மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் ஹானர்ஸ் முடித்து, கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்குப் போய்ப் புள்ளியியலாளர் சி.ஆர்.ராவிடம் ஆய்வு செய்தவர் எஸ்.ஆர்.சீனிவாச வரதன். 2007இல் கணிதத்துக்கான ஏபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது நிகழ்தகவுக் கோட்பாட்டுக்காக. மிக அரிதாக நடக்கும் பெரிய விலகல்களை அளக்க அவர் வகுத்த கோட்பாடு, காப்பீட்டிலும் கடன் இடரிலும் இன்று பயன்படுகிறது. நம் ஊர் மாநிலக் கல்லூரி, புள்ளியியல் வகுப்பு. இதைவிட நெருக்கமான சான்று உங்களுக்கு எங்கே கிடைக்கும்?

குவாண்ட் வேலை எல்லோருக்கும் கிடைத்துவிடாது என்பதையும் மறைக்கக் கூடாது. கிடைக்காவிட்டால் இந்தத் தாள்கள் வீணா என்று உங்கள் அப்பா, அம்மா கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். யுபிஎஸ்சி நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வுக்கு, பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அதில் முதுநிலை முடித்திருக்க வேண்டும். ரிசர்வ் வங்கி தன் புள்ளியியல் பிரிவுக்கென்றே தனியாக அதிகாரிகளை எடுக்கிறது. காப்பீட்டு இடரைக் கணக்கிடும் ஆக்சுவரி ஆவதற்கான தேர்வுகளில் முதல் சில தாள்கள் நிகழ்தகவு, புள்ளியியல், வட்டிக் கணக்கு இவற்றின்மேல்தான் நிற்கின்றன. ஐஐடிகளின் ஜாம் நுழைவுத் தேர்வில் கணிதத்துக்கு ஒரு தாள், கணிதப் புள்ளியியலுக்குத் தனியாக ஒரு தாள், இரண்டு கதவுகள். புள்ளியியலை விட்டுவிட்டு ஒரே கதவோடு நிற்பது ஏன்?

இரண்டாவது மனக்குறை, பெயரைப் பார்த்து ஏமாறுவது. பாடத்தின் தலைப்பில் 'நிதி' என்று இருந்தால் போதும், அது குவாண்டுக்கு வழி என்று நினைத்துவிடுகிறீர்கள். அப்படிப் பெயர் வைத்த தாளின் அலகுகளைப் படித்துப் பாருங்கள். தனிவட்டி, கூட்டுவட்டி, ஆண்டுத்தொகை, கடன் தவணை என்று முடிந்துவிட்டால், அதை ஒரு கோடை விடுமுறையில் நீங்களே படித்துக்கொள்ளலாம். ஆப்ஷன், ஃப்யூச்சர், பத்திரம் என்ற சந்தைச் சங்கதிகளை வேலையில் சேர்ந்த முதல் ஆண்டில் நாங்களே சொல்லித் தருவோம். ஜான் ஹல் எழுதிய தடித்த புத்தகம் ஒன்று எல்லா மேசையிலும் கிடக்கும். மெஷர் தியரியை எந்த மேலாளரும் உட்கார வைத்துச் சொல்லித் தர மாட்டார். அலுவலகத்தில் கற்க முடிவதைக் கல்லூரியில் கற்று, கல்லூரியில் மட்டுமே கற்க முடிவதை விட்டுவிடுவது என்ன கணக்கு?

சான்றிதழ் வியாபாரிகளுடன் கூடவே வருவது டிரேடிங் ஆப். 'பிராக்டிகல் நாலெட்ஜ்' என்று சொல்லி விடுதி அறையில் ஆப்ஷன் வாங்கி விற்கிறீர்கள். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், எஃப் அண்ட் ஓ எனப்படும் ஃப்யூச்சர், ஆப்ஷன் வணிகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணத்தை இழந்தார்கள், மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024 செப்டம்பரில் அறிக்கை வெளியிட்டது. அதே அறிக்கையில் இன்னொரு வரி உண்டு: லாபம் பார்த்த அந்நிய முதலீட்டாளர்களும் சொந்தக் கணக்கில் வணிகம் செய்யும் நிறுவனங்களும் அதில் பெரும்பகுதியை, 95 சதவீதத்துக்கும் மேல், அல்காரிதம் வழியாகவே ஈட்டினார்கள். நீங்கள் ஆப்பைத் திறக்கும்போது எதிரே உட்கார்ந்திருப்பது, நான் இதுவரை சொன்ன தாள்களையெல்லாம் படித்துவிட்டு வந்தவர் எழுதிய நிரல். வாளைப் பிடிக்கக் கற்காமல் களத்தில் இறங்கி, அடிபட்டு வாள் கற்றுக்கொள்வேன் என்பது போலிருக்கிறது. (அந்த லாபம் எந்தப் பையிலிருந்து போகிறது என்று யோசித்து, அந்தத் தொழிலே வேண்டாம் என்று நீங்கள் ஒதுங்கினாலும் எனக்குச் சம்மதமே. காப்பீடும், கடன் இடரும், ஓய்வூதியக் கணக்கும் இதே கணிதத்தைத்தான் கேட்கின்றன.)

மூன்றாவது குறை உங்கள் மேல் மட்டும் இல்லை. விருப்பப் பாடம் என்று அச்சிட்டிருக்கிறார்கள், விருப்பம் யாருடையது? பெரும்பாலான கல்லூரிகளில் மூன்று தாள்களின் பெயரைப் போட்டுவிட்டு, ஒன்றைத் துறையே தேர்ந்தெடுத்து வகுப்பு முழுவதற்கும் நடத்துகிறது. எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்? எதை நடத்துவதற்கு ஆள் இருக்கிறதோ, எதில் தேர்ச்சி விகிதம் நூறைத் தொடுமோ, அதை. ஃபஸி செட்ஸ் பல ஊர்களில் நிரந்தர வேட்பாளர். அந்தத் தாளின் மேல் எனக்கு விரோதம் இல்லை. கட்டுப்பாட்டுப் பொறியியலில் அதற்கு வேலை இருக்கிறது. நிகழ்தகவை வெளியே நிறுத்திவிட்டு அதை உள்ளே உட்கார வைத்ததற்குக் காரணம் 'ஸ்கோரிங் பேப்பர்' என்பது மட்டும்தான் என்றால், அதுதான் வருத்தம். அந்த முடிவில் உங்களுக்கும் பங்கு உண்டு. "எது ஈஸி?" என்று சீனியரிடம் கேட்டு, அந்தப் பதிலைத்தானே துறைக்கும் சொல்லி அனுப்புகிறீர்கள்?

மதிப்பெண் குறைந்தால் மேற்படிப்புக்கு இடம் கிடைக்காதே என்ற பயம் புரிகிறது. ஆனால் இந்தத் துறைக்கு முதுநிலை இல்லாமல் போவது கடினம், அந்த முதுநிலைக்கு நீங்கள் போக வேண்டிய இடங்கள் நுழைவுத் தேர்வு வைக்கின்றன. கொல்கத்தா புள்ளியியல் நிறுவனத்தின் எம்.ஸ்டாட்., ஐஐடி எம்.எஸ்ஸி., சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதவியல் நிறுவனம், எங்கும் கேள்வி எல்லையையும் அணியையும் நிகழ்தகவையும் பற்றித்தான் வரும். சிறுசேரி உங்களுக்கு ஒரு பேருந்து தூரம். இட்டோ தொடங்கிவைத்த தற்போக்கு நுண்கணிதத்துக்கு ராஜீவ கரந்திகரும் பி.வி.ராவும் சேர்ந்து எழுதி 2018இல் வெளிவந்த நூல், அவர்கள் அங்கே பணியாற்றியபோது பிறந்தது. உலகத்தரத்தில் அதைக் கற்பிக்கும் ஊரில் இருந்துகொண்டு, பக்கத்துக் கல்லூரியில் அதன் முதல் படியைக்கூட ஏறாமல் பட்டம் வாங்குகிறீர்கள்.

ஆகவே ஒன்று கேட்கிறேன். தனி ஆளாக நீங்கள் ஒரு தாளை எடுக்க முடியாது. வகுப்பாகச் சேர்ந்தால் முடியும். விருப்பப் பாடம் அறிவிக்கப்படும் முன், வகுப்பில் ஒரு மதியம் உட்கார்ந்து பேசுங்கள். குவாண்ட் ஆசை இல்லாதவரிடமும் பேசுங்கள். ஆசிரியப் பணிக்குப் போகிறவருக்கும் பன்னிரண்டாம் வகுப்பு நிகழ்தகவுப் பரவல் பாடத்தை நாளை நடத்த வேண்டியிருக்கும். பிறகு ஒரு தாளில் எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டுத் துறைத் தலைவரிடம் கொடுங்கள். சண்டை வேண்டாம், மரியாதையாகவே கேளுங்கள். ஐந்தாம் பருவத்தில் நிபந்தனை எதிர்பார்ப்பு வரை போகும் நிகழ்தகவுத் தாள். ஆறாம் பருவத்தில் மார்க்கோவ் சங்கிலி முதலான தற்போக்குச் செயல்முறைகள் பற்றிய தாள், பைத்தான் செய்முறையோடு. நடத்த ஆள் இல்லை என்று சொன்னால், மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தில் ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் அதே பாடத்தை மதிப்பெண் அலகாக ஏற்கும்படி கேளுங்கள். ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை அப்படிப் படிக்க யுஜிசியின் 2021 விதிமுறை இடம் தருகிறது. உங்களுடையது தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டக் குழுவில் பழைய மாணவர் ஒருவரும் தொழில்துறையிலிருந்து ஒருவரும் உறுப்பினராக இருப்பார்கள். அந்த இருவருக்கும் கடிதத்தின் நகலை அனுப்புங்கள். குழு கூடும் தேதியைத் துறை அலுவலகத்தில் இந்த வாரமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மாடல்களைச் சரிபார்க்கும் ஒரு பழைய கணித மாணவன்